ரெண்டு நெரை தள்ளி

திங்கட்கிழமை.

காலை 9.35. நீதிமன்றம் கூடியது. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து மலைக் கங்காணி ஒருவர் பெரிய கான் எனப்படும் வடிகாலுக்குள் விழுந்து, நினைவு திரும்பாமல் மூன்றாம் நாள் இறந்த வழக்கு. அவரைத் தள்ளிவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஜெயந்தி, கொழுந்து பறிப்பவர், வயது இருபத்தாறு. அவருடைய கைக்குழந்தை மண்டபத்துக்கு வெளியே, அவருடைய தாயின் மடியில்.

11.20. முதலாம் சாட்சி, லொறிச் சாரதி. சிங்களம். எதிர்மலை வீதியிலிருந்து பார்த்தபோது ஜெயந்தி கங்காணிக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னார்.

12.05. இரண்டாம் சாட்சி, பாக்கியம், கொழுந்து பறிப்பவர், வயது ஐம்பத்தெட்டு. தமிழ். ஆங்கிலத்துக்கு உரைபெயர்த்தவன் நான்.

12.25. அரச தரப்புச் சட்டத்தரணியின் கேள்வி: கங்காணி விழுந்த வேளையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருக்கு அருகில் நின்றாரா? சாட்சியின் பதில்: "பக்கத்துலதாங்க இருந்தா. ரெண்டு நெரை தள்ளி." நான் சொன்னது: "யெஸ். ஷி வாஸ் நியர். குளோஸ் பிசைட் ஹிம்."

12.26. பதிவாயிற்று.

12.30. மதிய இடைவேளை.

மாலை 5.50. வீடு.

*

மேலே உள்ளது என் நாட்குறிப்பின் ஒரு பக்கம். புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உரைபெயர்ப்பாளர்களாகிய உங்களுக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடச் சேவையில் சொல்லத்தக்கவை பல உண்டு. ஆயினும் எழுத அமர்ந்தபோது இந்த ஒரு பக்கத்தைத் தாண்டிப் போக என்னால் இயலவில்லை. ஆகவே இதையே எழுதுகிறேன்.

சொற்பட்டியல்கள், சத்தியப்பிரமாண வாசகங்கள், படிவங்கள் ஆகியவற்றை உங்களுக்கு வேறு பலர் கற்பிப்பார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை.

அந்தப் பக்கத்தில் நான் செய்த பிழை உங்களில் சிலருக்குப் பிழையாகவே தோன்றாமலிருக்கலாம். எனக்கும் அன்று தோன்றவில்லை. மதிய இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நீதிபதி பேனாவை மூடிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கமாகச் சொல்லும் உரைபெயர்ப்பாளனையே நீதிமன்றங்கள் விரும்பும். 'அருகில் நின்றாரா' என்ற கேள்விக்கு 'பக்கத்தில்' என்ற பதில் வந்துவிட்டது. பின்னால் வந்தது வெறும் விளக்கம் என்று என் மனம் ஒரு நொடியில் தீர்மானித்தது. அத்தோடு நிற்காமல், ஆங்கிலம் நன்றாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக 'குளோஸ் பிசைட்' என்று நானாக ஒன்றைச் சேர்த்தும் கொண்டேன். அதைச் சொன்னபோது எனக்குள் சிறிய திருப்தியும் உண்டாயிற்று. அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

அன்று அந்த மண்டபத்தில் யார் யாருக்கு எந்த மொழி தெரியும் என்பதைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அரச தரப்புச் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வந்தவர், அவருக்கும் தெரியாது. ஜெயந்திக்காக அரச செலவில் நியமிக்கப்பட்டிருந்த இளம் சட்டத்தரணி குருநாகல் பக்கத்தவர், அவருக்கும் தமிழ் தெரியாது. ஜெயந்திக்கும் பாக்கியத்துக்கும் ஆங்கிலம் தெரியாது. ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்ததும் தாளில் ஏறியதும் ஒன்றுதானா என்பதைச் சொல்லக்கூடியவன் அங்கே நான் ஒருவனே. நம் தொழிலின் தனிமை இதுதான். நம்மைச் சரிபார்ப்பதற்குப் பெரும்பாலும் பக்கத்தில் எவரும் இருப்பதில்லை.

*

வழக்குகளை வீட்டில் பேசும் வழக்கம் எனக்கில்லை. அன்று பேசினேன். பெரிய கானின் ஆழத்தைப் பாக்கியம் கையால் காட்டியிருந்தார். அதற்கு நான் கொடுத்த சொல் சரிதானா என்ற ஐயம் இருந்தது. என் மனைவி மடுல்கெல்லத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டியில் தமிழ்ப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியையாக இருந்தவர். நான் வடக்கிலிருந்து வந்தவன். தேயிலையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் சொல்லக் கேட்டதும் பஸ் யன்னலால் பார்த்ததும்தான்.

அவர் குசினி மேசையில் சுளகை வைத்து, இரவுக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், தோட்டத்துக் கான் எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"எந்தக் கான்? வெட்டுக்கானா, பெரிய கானா? கேள்வியே அரைகுறையா இருக்கே."

"பெரிய கான்."

"ஆளு நிக்கலாம். எங்க அப்பா நின்னா தலப்பா மட்டுந்தான் தெரியும். எதுக்கு?"

திறந்த நீதிமன்றத்தில் நடந்ததுதானே என்று எண்ணி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன், கங்காணி பாக்கியத்தோடு பேசிக்கொண்டு நின்றபோதே விழுந்தார் என்பதையும் சேர்த்து. பாக்கியத்தின் பதிலை அவருடைய வாய்மொழியிலேயே சொன்னேன். கத்தி நின்றது.

"நீங்க இங்கிலீசுல என்னான்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"நெரை எங்க?"

"என்ன?"

"ரெண்டு நெரைன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல, அத எங்க போட்டீங்க?"

"அது விளக்கம்தானே. பக்கத்தில எண்டு சொல்லிப்போட்டா."

"வெளக்கமா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் கணக்கின் கடைசி வரியை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விட்ட மாணவனை அவர் இப்படித்தான் பார்த்திருப்பார். "அதுதாங்க பதிலு. பக்கத்துலங்கறது சும்மா மரியாதைக்குச் சொல்றது. நீங்க பதிலத் தூக்கி வீசிட்டு மரியாதைய எழுதிட்டு வந்திருக்கீங்க."

அவர் நறுக்காத போஞ்சிக்காய்களை எடுத்துச் சுளகில் வரிசையாக அடுக்கத் தொடங்கினார். நீளவாக்கில் மூன்று காய்கள், சிறு இடைவெளி, மீண்டும் மூன்று, மீண்டும் இடைவெளி. இப்படி நான்கு கட்டுகள்.

"இந்தா, மூணு வரிசைச் செடி. இது ஒரு ஆளுக்கு. இதுக்குப் பேருதான் நெரை. எங்க மலையில மூணு. சில மலையில ரெண்டு. காலையில கங்காணி எந்த நெரையக் குடுக்கிறாரோ அதுலதான் நிக்கணும். இது பாக்கியம். இது ஒருத்தி, இது இன்னொருத்தி. ரெண்டு நெரை தள்ளின்னா, இந்தா, இங்க இருக்கா உங்க ஜெயந்தி." நான்காம் கட்டின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையை வைத்தார். பிறகு ஒரு வெள்ளைப்பூட்டுப் பல்லை எடுத்து, முதலாம் கட்டின் அடியில், சுளகின் விளிம்பில் வைத்தார். "இவருதான் கங்காணி. இப்ப அந்தக் கறிவேப்பில கைய நீட்டி இந்தப் பூட்டுப் பல்லத் தள்ளணும். நடுவுல ஒரு போஞ்சியும் அசையக் கூடாது. தள்ளிக் காட்டுங்க பாப்போம்."

நான் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடையால நடந்து வந்திருக்கலாம்தானே?"

"செடி இடுப்புக்கு நிக்கும். கூடை முதுகுல. அடுத்தவ நெரைக்குள்ள கால வச்சா, என் கொழுந்தப் பறிக்க வந்தியான்னு மலையே கேக்கிற மாதிரி ஏசுவாளுக. அப்படி யாரும் பொசுக்குன்னு போயிட முடியாது. போனா பாக்கியத்துக்குத் தெரியாமப் போகாது. அத அவங்ககிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

"இல்லை."

"எப்படிக் கேப்பாங்க? தோளோட தோளு ஒட்டி நின்னான்னு நீங்க சொல்லிட்டீங்களே." அவர் கத்தியை மீண்டும் எடுத்தார். "பனை மரத்த எண்ணத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து மனுசருக்குத் தேயிலைய எண்ணத் தெரியல. அதுக்கு அந்தப் புள்ள ஜெயில்ல இருக்கணுமா?"

முதலாம் கட்டுப் போஞ்சியை எடுத்து நறுக்கத் தொடங்கினார். நான்காம் கட்டைக் கடைசிவரை தொடவில்லை. அன்று கறிக்குக் காய் குறைவாகவே இருந்தது.

*

மறுநாள் அதிகாலையில் முதல் பஸ்ஸில் அக்குறணைக்குப் போனேன். எனக்கு முன் அந்தப் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மகனுடைய துணிக்கடைக்கு மேல் வீட்டில் குடியிருந்தார். நான் சேவைக்கு வந்த காலத்தில், சாட்சி தலையசைத்தால் தலையசைப்பையும் சொல், அழுதால் அழுகை என்று சொல், ஆனால் நீ அழாதே என்று பழக்கியவர் அவர். அவருடைய சொல்லை நான் மீறியதில்லை.

சுபஹுத் தொழுகை முடித்துத் திரும்பியவர், தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார். அவருடைய பேச்சில் 'சொல்ல' என்பது 'செல்ல' என்றே வரும்.

"இன்டக்கி எழும்பி இதச் செல்லப் போறீங்களா?"

"ஓம். அதுதான் யோசிக்கிறன்."

"வாணாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒங்கட பேருக்காகச் செல்லல்ல. பேர் போனாப் போகட்டும். நீங்க ஒரு தடவ பிழை விட்ட எண்டு நீங்களே செல்லிட்டா, நாளைக்கி வேற ஒரு வக்கீல் எழும்பி, இந்த மனுசன் மொழிபெயர்த்த மத்த வழக்கெல்லாம் என்ன கதி எண்டு கேப்பான். ஒங்கட வாயால விடுதலையான ஆக்கள் எத்தின பேர்? அவங்கட தீர்ப்பையெல்லாம் ஆட்டிப் பாக்கப் போறீங்களா?"

இதற்கு இன்றும் என்னிடம் முழுமையான பதில் இல்லை. உங்களில் எவரேனும் இந்த நிலையில் நிற்க நேர்ந்தால், இந்த வாதத்தை இலேசாக எண்ணவேண்டாம். அது கோழையின் வாதமன்று.

தேநீர் முடிந்ததும் கேட்டேன்: "நீங்களா இருந்தா?"

"நான் எழும்பமாட்டன்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு யன்னலுக்கு வெளியே, திறக்கப்படும் கடைக் கதவுகளைப் பார்த்தபடி சொன்னார்: "அது சரியெண்டு செல்லல்ல."

படியிறங்கும்போது, பஸ் வர நேரமாகும், ஓட்டோவில் போங்க என்றார். என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்திருந்தது.

*

வழக்கை அழைக்குமுன் நீதிபதியின் அனுமதி கேட்டேன். முதல் நாள் பதிவில் என்னால் நேர்ந்த விடுபடல் ஒன்றும் மிகைச் சொல் ஒன்றும் இருப்பதாகவும், சாட்சி ஓர் அளவைக் கூறியதாகவும், அதை நான் கூறவில்லை என்றும் சொன்னேன். மூன்று வாக்கியங்கள். காலையிலிருந்து அவற்றையே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அரச தரப்புச் சட்டத்தரணி உடனே எழுந்தார். சாட்சியை இரவோடு இரவாக யாராவது சந்தித்தார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. இல்லை என்றேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை வருடச் சேவை?"

"இருபத்தேழு."

"இதுபோல வேறு பிழைகள் நேர்ந்திருக்கின்றனவா?"

'இல்லை' என்பது ஒரே சொல். அதைச் சொல்லியிருந்தால் அக்குறணையில் எழுப்பப்பட்ட அச்சம் அனைத்தும் அங்கேயே அடங்கியிருக்கும்.

"தெரியாது, கனம் நீதிபதி அவர்களே. எனக்குத் தெரியவந்தது இது ஒன்று."

அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு கட்டளையை வாசித்தார். பாக்கியம் வியாழக்கிழமை மீண்டும் அழைக்கப்படுவார். வேறோர் உரைபெயர்ப்பாளர் நியமிக்கப்படுவார். என் கூற்று என் சேவைப் பதிவுகள் அடங்கிய தனிப்பட்ட கோவைக்கு அனுப்பப்படும். நான் தலைவணங்கி என் இருக்கையிலிருந்து எழுந்து, பின்வரிசை வாங்கில் போய் அமர்ந்தேன். அந்த மண்டபத்தைப் பின்னாலிருந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

குற்றவாளிக் கூண்டில் நின்ற ஜெயந்திக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. உரைபெயர்ப்பாளன் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால், உரைபெயர்க்க எவரும் இருக்கவில்லை. அவர் என் முகத்தையும் நீதிபதியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதையும் என் பிழைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

வியாழக்கிழமை காலை விறாந்தையில் பாக்கியம் என்னை அடையாளம் கண்டார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, தன்னோடு வந்திருந்த பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"இந்தா நிக்கிறாரே, இந்த ஐயாதான். நான் மலையிலேர்ந்து ரெண்டு நெரைய எறக்கிக் கொண்டாந்து குடுத்தேன். கோர்ட்டுக்குள்ள போறதுக்குள்ள தொலச்சிட்டாரு."

சாட்சியோடு நான் பேசக்கூடாது. அவர் சிரித்தார். அதில் பகை இருக்கவில்லை.

மாத்தளையிலிருந்து வந்திருந்த புதிய உரைபெயர்ப்பாளர் இளம் பெண். உங்களைப் போலச் சேவைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாதவர். அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. அதே பதில் வந்தது. "பக்கத்துலதாங்க. ரெண்டு நெரை தள்ளி." அந்தப் பெண் 'நெரை' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பொருளைச் சாட்சியிடம் கேட்க அனுமதி வேண்டினார். அதுவே சரியான முறை. இருபத்தேழு வருடம் கற்றும் நான் செய்யாதது.

"எறங்கிக் காட்டவா?" என்று பாக்கியம் கேட்டார்.

நீதிபதி அனுமதித்தார். பாக்கியம் கூண்டிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்குகளுக்கு முன்னால் நின்றார்.

"இந்த வாங்கு என் நெரைன்னு வச்சிக்குங்க. இந்தாண்ட கான். கானு ஓரத்துல கங்காணி. என்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. அடுத்த வாங்கு மாரியாயி, அதுக்கடுத்தது ராஜேஸ்வரி. ரெண்டு பேரும் வெரசாப் பறிக்கிறவங்க, மேல ஏறிட்டாங்க. அதுக்கு அங்கிட்டு அவ." வாங்குகளைத் தாண்டிப் போய் நின்று திரும்பினார். "புள்ளக்காம்பராவுல புள்ளைய விட்டுட்டு வர நேரமாயிருச்சுன்னு, கடைசி நெரையக் குடுத்துட்டாரு. மேடும் பள்ளமுமா கெடக்கும், யாரும் கேட்டு வாங்காத நெரை. அதுக்குத்தான் காலையில ஏசிக்கிட்டாங்க. ஏச்சு ஏச்சோட சரி."

நீதிபதி, முதலியார் எனப்படும் நீதிமன்ற அலுவலரைக் கொண்டு காலடிகளை எண்ணச் செய்தார். வாங்குகளுக்கிடையிலான தூரம் தோட்டத்து நிரையின் தூரமல்ல என்று அரச தரப்பு ஆட்சேபித்தது; அது சரியென்று ஏற்கப்பட்டு, தோட்டத்திலேயே அளந்து அறிக்கை தரும்படி பொலிசாருக்குக் கட்டளை பிறந்தது. ஆனால் அதற்கிடையில் ஜெயந்தியின் இளம் சட்டத்தரணி எழுந்து, முதல் நாள் எவருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்: கங்காணி விழுந்த அந்தக் கணத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கைகள் எங்கே இருந்தன?

"ரெண்டு கையும் செடியில. நான் பாத்தேனே. அவரு காலு வழுக்கினப்ப நான் கத்துனேன், அவ நிமிந்து பாத்தா. கையில கொழுந்து இருந்துச்சு."

"இதை ஏன் முன்னரே சொல்லவில்லை?" என்றார் அரச தரப்புச் சட்டத்தரணி.

"கேட்டாத்தானே சொல்லுவேன்? பக்கத்துல இருந்தாளான்னுதானே கேட்டீங்க."

எதிர்மலை வீதியிலிருந்து பார்த்த சாரதி பொய் சொன்னார் என்று எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். நான்கு நிரை ஒரு நிரையாகத் தெரியும். அவர் கண்டதைச் சொன்னார். கேட்டதைச் சொல்லாதவன் நான்.

அளவு அறிக்கை வந்தபின் ஜெயந்தி விடுவிக்கப்பட்டார். தீர்ப்பில் பல காரணங்கள் இருந்தன. அவற்றில் எது தீர்மானித்தது என்று நான் உரிமை கோரமாட்டேன். அன்று அவர் படியிறங்கி வந்து தாயிடமிருந்து குழந்தையை வாங்கினார். குழந்தை அவரை அடையாளம் காணாமல் அழுது பாட்டியிடம் தாவியது. அவர் மீண்டும் வாங்கினார். மூன்றாம் தடவை அது அவரிடம் நின்றது. நான் மரத்தடியில் நின்றேன். ஏறக்குறைய இருபது காலடி தள்ளி.

என் கோவையில் அந்தக் கூற்று இன்றும் இருக்கும். அடுத்த வருடம் வரவேண்டியிருந்த பதவியுயர்வு இன்னொருவருக்குப் போயிற்று. அவர் தகுதியானவர். அக்குறணையில் அஞ்சிய மேன்முறையீடுகள் இரண்டு வந்தன. பழைய பதிவுகள் எடுக்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்டன. இரண்டிலும் என் உரைபெயர்ப்பு நின்றது. நின்றிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை எந்த முகத்தோடு எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

*

இனி அந்தச் சொல்லைப் பற்றி.

'நியர்' என்பதற்குள் அளவு கிடையாது. மலைக்கு நியர் என்றால் பத்து மைலாக இருக்கலாம். நெருப்புக்கு நியர் என்றால் ஒரு விரற்கடை. 'குளோஸ்' சற்று நெருங்கி வரும். 'பிசைட்' என்றால் தோளோடு தோள். 'நெக்ஸ்ட் டு' என்றால் இடையில் வேறெதுவும் இல்லை என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். 'பை' ஆற்றோரத்துக்கும் யன்னலோரத்துக்கும் நல்லது. மனிதரின் கைகளைப் பற்றிப் பேசும்போது வேண்டாம். 'அட்ஜேசன்ட்' காணி உறுதிகளில் இருக்கட்டும். தமிழில் அருகில், பக்கத்தில், கிட்ட, அண்டையில், ஒட்டி, ஓரமாக, அயலில் என்று எத்தனையோ உண்டு. வடக்கில் கிட்டடியில் என்போம், மலையகத்தில் கிட்டக்க என்பார்கள். இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கும்போது நீங்கள் ஒரு மனிதரைத் தூக்கி இன்னோரிடத்தில் நிறுத்துகிறீர்கள்.

மக்கள் தூரத்தைத் தங்கள் வேலையால் அளக்கிறார்கள். தோட்டத்தில் நிரையால். கலகெதரப் பக்கம் காணி வழக்கொன்றில் ஒருவர் எனக்கு இரண்டு மிளகுக்கொடித் தூரம் என்றார். கடைக்காரர் கதவுப் பலகையால் சொல்வார். அந்த அளவை உங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட அவசரப்படாதீர்கள். முதலில் அதை அப்படியே தாளில் ஏற்றுங்கள். பிறகு விளக்கம் கேளுங்கள். கடிகாரத்தைப் பார்க்கும் நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நான் ஓய்வு பெற்றபின் என் மனைவியும் நானும் இத்தகைய சொற்களை ஒரு கொப்பியில் சேர்க்கத் தொடங்கினோம். நான் சொல்லையும் ஆங்கிலத்தையும் எழுதுவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே காலடியில் எவ்வளவு என்று எழுதுவார். "சொல்லு உங்களுது, கணக்கு என்னுது" என்பார். கணக்கில் அவர் எனக்குச் சலுகை தந்ததில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் அவர் காலமானார்.

அவர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். கடைசி நாள் பிற்பகலில் கண்விழித்து, "பிளாஸ்க்கு காலிங்க" என்றார். சுடுதண்ணீர் எடுக்கும் இடம் விறாந்தையின் கோடியில். அங்கே எனக்கு முன் நான்கு பேர் நின்றார்கள். அவசரமென்று சொல்லியிருந்தால் வழிவிட்டிருப்பார்கள். அவசரமென்று எனக்குத் தெரியாது. நான் என் முறைக்காக நின்று, நிரப்பி, மூடியை இறுக்கித் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது.

அவருடைய தங்கை மடுல்கெல்லவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: "மச்சான், அக்கா போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே?"

"ஓம்" என்றேன்.

அவர் அதைக் கேட்டு அழுகையை நிறுத்தினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். மரண வீட்டில் வந்தவர்க்கெல்லாம் அதையே சொன்னார்: மச்சான் பக்கத்துலயே இருந்தாரு, கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு. கையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதை மறுக்கவும் இல்லை. பதிவாயிற்று.

முப்பத்தொன்றாம் நாள் கழிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போய், பார்வையாளர் நேரத்தில், தண்ணீர்க் குழாயிலிருந்து அந்தக் கட்டில் வரை நடந்து எண்ணினேன். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நோயாளியைத் தேடுகிறீர்களா என்று தாதி கேட்டார். இல்லை என்றேன்.

பிழையைத் திருத்தவேண்டும் என்று இத்தனை பக்கங்களில் உங்களுக்குச் சொன்னவனின் பதிவு எட்டு மாதமாகத் திருத்தப்படாமல் இருக்கிறது. இதற்கும் அக்குறணை வாதம் ஒன்று உண்டு: அந்தச் சொல்லில் சாய்ந்து ஒருவர் ஆறுதல் பெற்றிருக்கிறார், அதை ஏன் ஆட்டிப் பார்க்கவேண்டும்? அந்த வாதத்தைச் சொன்னவர், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இன்னொன்றையும் சொன்னார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னும் செய்யப்படாதவை:

நிரைகளின் வரைபடம். அவர் போஞ்சிக்காயால் காட்டியதை உங்கள் பயிற்சிக்காகக் கோடுகளால் வரைய முயன்றேன், முடியவில்லை.

கொப்பி. நாற்பத்திரண்டாம் சொல் 'அண்டையில்'. எதிரே காலடி எழுதப்படவில்லை.

பிளாஸ்க். அன்று நிரப்பிய நீர் உள்ளேயே இருக்கிறது. ஊற்றிக் கழுவவேண்டும்.

மடுல்கெல்ல. தொலைபேசியில் வேண்டாம், நேரில் போகவேண்டும். தங்கையிடம் சொல்லவேண்டியது: பக்கத்தில்தான் இருந்தேன். நாற்பத்தாறு காலடி தள்ளி.